'காரணம்' என்ற கட்டம்

ஆறே முக்காலுக்குக் கேத்தி முக்கில் கம்பெனி வேன்.
இன்று ஏழு பத்து.
வளைவில் ஒரு காட்டுமாடு, தனி,
எங்கேயும் போகிற எண்ணமில்லாமல்.
டிரைவர் ஆல்துரை இன்ஜினை அணைத்துவிட்டுப்
பாட்டையும் அணைத்தார்.
வருகைப் பதிவில் தாமதத்துக்குக் காரணம்: காட்டுமாடு.
ஏற்றுக்கொள்வார்கள்.

பொட்டை லாக்கர் கண்ணாடியில் ஒட்டு.
மையைத் துடை.
முடிக்கு வலை, வலைக்குத் தொப்பி,
தொப்பிக்கு மேல் முக்காடு,
கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை.
சின்ன அறையில் நிறுத்திவைத்து
முப்பது நொடி காற்று என்னை உதறும்,
விருந்தாளி வருமுன் ஜமுக்காளத்தை உதறுவதுபோல.
மிஞ்சுவது கண்கள்.
அதை வைத்துத்தான் தெரியும்,
யார் சுசீலி, யார் ஹாரூண்,
யார் ராத்திரி தூங்கவில்லை என்று.

மஞ்சள் விளக்கில் எல்லோருக்கும் காமாலை.
பெட்டிக்கு இருபத்தைந்து தகடுகள்.
நிலாவைச் சீவி அடுக்கின மாதிரி இருக்கும்மா,
என்று முதல்நாள் வீட்டில் சொன்னேன்.
இப்போது அப்படித் தோன்றுவதில்லை.
இப்போது அவை லாட் நாற்பத்தொன்று, லாட் நாற்பத்திரண்டு.

என் வேலை எண்ணுவது.
நுண்ணோக்கியின் கீழே
தூசு எத்தனை, கீறல் எத்தனை, எந்த ஓரம்.
அட்டையில் பயிற்சிப் பொறியாளர்.
கேன்டீனில் 'எண்ணுற பொண்ணு'.
மலை ரயில் கூவிக்கொண்டு போகையில்
தகடு ஒரு மயிரிழை நடுங்கும்.
அது கடந்து போகும்வரை எண்ணக்கூடாது.
வெளியே ஈரப்பதம் தொண்ணூற்றெட்டு,
உள்ளே நாற்பத்தைந்து;
நடுவில் ஒரு கண்ணாடி,
அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு மூடுபனி.

இங்கேயும் விளைச்சல் என்றுதான் பேச்சு.
அப்பாவுக்கு என் வேலையில் புரிந்த ஒரே சொல்.
அவர் கேரட்டுக்கு உறைபனி.
எங்களுக்கு என்ன?
மூன்று வாரமாக விளைச்சல் சரிகிறது.
தண்ணீரைச் சோதித்தார்கள். அமிலத்தைச் சோதித்தார்கள்.
ஃபில்டர்காரரை பெங்களூரிலிருந்து வரவழைத்து
நிற்கவைத்துப் பேசினார்கள்.
தைல மரத்து மகரந்தம் என்றார் ஒருவர்,
ஜன்னலே திறக்காத கட்டடத்தில்.

நான் வரைபடம் போட்டேன்.
சிவப்புக் கம்பிகள் உயர்ந்து நின்ற நாளெல்லாம்
புல்வெளி வெளுத்த நாள்.
புல்வெளி வெளுத்த நாளெல்லாம்
நான் உள்ளே இருந்த நாள்.

பதினேழாவது தகட்டின் ஓரத்தில்
நாய்வால்போலச் சுருண்டு ஒன்று.
வெள்ளை விளக்கைப் போட்டேன்.
நீலம்.
எனக்கு அதைத் தெரியும்.
ஊட்டியில் திபெத்தியர் கடையில்
முந்நூற்றைம்பது சொன்னதை
இருநூற்றெழுபதுக்குக் கேட்டு வாங்கினேன்.
பனிக் காலைகளில் கழுத்து மட்டும் சூடாவதே இல்லை;
மேலே அங்கி மூடிவிடும்தானே என்று
கழற்றாமல் விட்டேன்.

யாருக்கும் தெரியாது.
கம்பளியை நாளை வீட்டில் வைத்துவிட்டால் போதும்,
விளைச்சல் தானாக ஏறும்,
புது ஃபில்டருக்குப் பேர் வரும்,
பழைய ஃபில்டர்காரருக்குப் பழி நிற்கும்.
பதினோரு நிமிடம் கர்சர் சிமிட்டியது.
பிறகு காரணம் என்ற கட்டத்தில் அடித்தேன்:
மேனகா போஜன். கழுத்துக் கம்பளி.

ஜெசிந்தா மேடம் இரண்டு தரம் படித்தார்.
"பேரெல்லாம் இந்தக் கட்டத்துல வராது."
அழித்தார். அடித்தார்: நாரிழை, ஆள் வழி.
"எத்தனை லாட் போச்சு?"
"நாலு."
என் கழுத்தைப் பார்த்தார்.
"ஸ்டோர்ல பாலியெஸ்டர் பனியன் இருக்கு.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."
அவ்வளவுதான்.
திட்டியிருக்கலாம்.

திரும்பும் வேனில் ஹாரூண் கேட்டான்,
"ஃபில்டர்தானே?"
"இல்ல. நான்."
அவன் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லாமல்
பொட்டலத்தைப் பிரித்து ஒரு வர்க்கியை உடைத்தான்.
பாதி எனக்கு.
பொருக்கு மடியெல்லாம் சிதறிற்று.
கண் தானாக எண்ணப் போனது,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
வளைவில் வேன் குலுங்கியதில் விட்டுப்போயிற்று.
தட்டிவிடவில்லை.