மூச்சு விடாதே

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் காலை ஐந்தரை.
ஐஸ் உடைக்கிற சத்தம், டீசல் வாடை.
கடலுக்குப் போகிற நாளில்
மரிஸ்தெல்லாவுக்கு வெறும் வயிறு.
அவள் பங்கு இட்லியையும்
பயத்தில் நானே தின்கிறேன்.

சிலிண்டர் கிடையாது. குழாய் கிடையாது.
ஒரு கயிறு, அடியில் ஈயக்கட்டி,
மூக்குக்கு ஒரு கிளிப்,
ஒரே ஒரு மூச்சு.
பழைய கலங்கரை விளக்கத்தைத்
தலைகீழாய்க் கடலில் நட்டால்
உச்சி எங்கே முட்டுமோ அங்கே போய்
கயிற்று நுனியில் கட்டிய அட்டையைப்
பிய்த்துக்கொண்டு வருவாள்.
எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.
"அங்க யாரும் எதுக்குன்னு கேக்கறதில்ல."

நான் இசிஜி எடுப்பவன்.
கதிர்காமத்தில், ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சு.
ரோஸ் தாளில் ஓடுகிற
மேடும் பள்ளமும் எனக்கு அத்துப்படி.
ஆளில்லாத ஒரு நைட் டூட்டியில்
சரோஜினி அக்காவிடம் கெஞ்சி
இவளுக்கும் எடுக்க வைத்தேன்.
திரைக்கு இந்தப் பக்கம் நான்.
"மூச்சப் பிடிச்சுக்கவா?" என்றாள்.
அறுபது. ஐம்பத்திரண்டு. நாற்பத்தாறு.
முப்பத்தெட்டு.
ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே
சைக்கிளில் ஒரு ஆள்
மெதுவாகக் கடந்து போகலாம்.
"பொண்ணு தூங்கிடுச்சாடா?" என்றாள் அக்கா.
திரைக்குப் பின்னால் சிரிப்பு.
அதற்கப்புறம் தாள் முழுக்கக் கிறுக்கல்.

அந்தத் தாள் எங்கள் வீட்டு
கேஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது.
கண்டுபிடித்த தம்பியிடம் சொன்னேன்,
அம்மாகிட்ட மூச்சு விடாத.
அம்மா வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள்:
"தூக்கத்துல நூத்திப்பத்து நூத்தியிருபதுன்னு
எண்ணறியேடா. எங்கயாவது கடன் வாங்கியிருக்கியா?"

மாசியில் ஒரு ஞாயிறு.
கடல் தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி அசையாமல்.
இரண்டு நிமிஷம் பத்து விநாடி
என்று சொல்லிவிட்டுப் போனாள்.
இரண்டு பத்து.
இரண்டு இருபது.
கயிறு என் கையில் அதிர்ந்தது.
பிறகு அதிரவில்லை.
வம்பாகீரப்பாளையத்து அமிர்தராசு குதித்தான்.
பாதி வழியில் அவளைப் பிடித்து
மேலே கொண்டுவந்தபோது
கண் திறந்திருந்தது,
யாரையும் பார்க்கவில்லை.
உதடு நாவல்பழம் தின்ற நிறம்.

கண்ணருகே ஊது, கன்னத்தில் தட்டு,
பேர் சொல்லிக் கூப்பிடு.
மூன்றும் சொல்லித் தந்திருந்தார்கள்.
ஊதினான். தட்டினான்.
கூப்பிட வேண்டியவன் நான்.
வீட்டில் ஒருதரம்கூடச் சொல்லாத பேரை
நடுக்கடலில் கத்தினேன்.
மரிஸ்தெல்லா, மூச்சு விடு.
தெல்லா, மூச்சு விடு.
விடுடீ.
மூச்சுக்கு முந்நூறு தரம் என்பார்கள்.
மூச்சே இல்லாத இடத்தில்
எத்தனை தரம் என்று
அமிர்தராசைத்தான் கேட்க வேண்டும்.

இருமினாள். என் சட்டையெல்லாம் உப்புத்தண்ணீர்.
முதலில் கேட்டது: "எவ்ளோ?"
முஷ்டிக்குள் அட்டை கசங்கியிருந்தது.

உப்பளம் வரைக்கும் நான் பேசவில்லை.
வண்டியை அவள்தான் ஓட்டினாள்,
நாற்பதைத் தாண்டாமல்,
ஆளில்லாத திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டு.
டீக்கடையில் நிறுத்தினாள்.
"அடுத்த வாரம் பத்து மீட்டர் கொறச்சிக்கறேன்."
சரி என்றேன்.
"நீ?"
நானா?
"உங்க அம்மாகிட்ட."

டீயில் ஆடை கட்டியது.
ஒரு மீன்பாடி வண்டி போனது,
அதன் பின்னால் ஒரு நாய், இரண்டு காக்கை.
அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"மூணு நிமிஷம் ஆச்சு.
என்னவிட நல்லாப் பிடிக்கற."

அன்று ராத்திரி அம்மா
தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் போய் நின்று
அவள் சொல்லித் தந்தது போல
வயிற்றிலிருந்து, பிறகு நெஞ்சிலிருந்து,
பிறகு தொண்டை வரைக்கும்
நிரம்ப இழுத்தேன்.

அம்மா திரும்பவில்லை.
கரண்டியை மாவுக்குள் விட்டபடி
"எவ்ளோடா?" என்றாள்.