இரண்டு சிவப்பு

கணபதியில் ஒரு பட்டறை மாடி.
பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிகளில்
கோளாறு தேடுவதற்கு எனக்குச் சம்பளம்.

காகிதத்தில் ஐந்து வட்டம்:
ஓய்வு, துவக்கம், ஓட்டம், வறட்சி, பழுது.
வட்டத்துக்கு வட்டம் அம்புகள்.
பொத்தானை அமுக்கினால் எங்கே, ஒரு பேஸ் போனால் எங்கே,
கரண்டு போய் வந்தால் எங்கே.
தண்ணீர் தீர்ந்தால் வறட்சி;
அதற்குள் போய்விட்டால் இரண்டு மணி நேரம்
யார் அமுக்கினாலும் அசையக் கூடாது.
ஐந்து வட்டம், நான்கு நிகழ்வு, இருபது அம்பு.
இருபதிலும் நடந்து பார்த்தேன்.
இருபதுக்கும் பச்சை மையில் டிக்.

முத்தூரிலிருந்து பொங்கியண்ணன் பேசினார்:
"கரண்டு போயி வந்துச்சுங் அம்மணி.
செவப்பு லைட்டுதான் எரிஞ்சுது.
பொத்தான அமுத்துனேன், ஓடிருச்சுங்.
எண்ணூறடி போர்ல சொட்டுத் தண்ணி இல்லீங்.
காயில் கருகுன நாத்தம் வூடு வரைக்கும்."

மேசைமேல் அதே பெட்டி.
வறட்சியில் நிறுத்தினேன்.
கரண்டைப் பிடுங்கி, மறுபடி கொடுத்தேன்.
சிவப்பு.
என் தாளிலும் அதுதான்:
பதினாறாம் அம்பு, சிவப்பு, டிக்.
தூக்குப்போசியைத் திறக்காமல்
அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்கும் சிவப்பு. வறட்சிக்கும் சிவப்பு.
இரண்டிலும் மோட்டார் சும்மா.
முகத்தை வைத்துச் சொல்ல முடியாது,
கேட்க வேண்டும்.
ஒரு பொத்தான் போதும்:
மறுத்தால் வறட்சி, கிளம்பினால் ஓய்வு.
கேட்ட பிறகு அது இருந்த இடத்தில் இருக்காது என்பது வேறு.
முதலிலிருந்து கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

அமுக்கினேன்.
கிளம்பியது.

நான் வரைந்த அம்பு வறட்சிக்கே திரும்புகிறது.
பெட்டியோ நழுவி ஓய்வுக்குப் போயிருக்கிறது,
அதே நிறச் சட்டையில்.

வந்து சேர்ந்தது எங்கே என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
விளக்கைப் பார்த்து டிக் போட்டிருக்கிறேன்.

இனி ஒவ்வோர் அம்புக்குப் பின்னும் ஒரு கேள்வி.
"இருபது நாற்பதாகும்" என்றேன்.
"வெள்ளிக்கிழமை சரக்குப் போகணும்" என்றார் நாச்சிமுத்து.
போகவில்லை.

புதுப் பெட்டி மாட்டிய அன்று நானே கூப்பிட்டேன்.
"நிறுத்திப் போட்டனுங். செவப்பு.
அமுத்துறேன்...
ஓட மாட்டேங்குதுங் அம்மணி."
"சரியா இருக்குங்க!" என்றேன்,
பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"செரிங். தண்ணி வந்தா ஓடும்ங்ளா?"

ஓடும்.
அந்த அம்பை நேற்றே கேட்டுவிட்டேன்.