பங்காளி

ரோஸ்டாக்கில் ஏப்ரல் வந்தும் காற்று கத்தியை உறையில் போடவில்லை.
ஆறாம் மாடி, ஜன்னலோர நாற்காலி.
என் இடக்கையில் இறங்கிக்கொண்டிருப்பது
பார்த்தால் ஒன்றுமில்லை,
பீட்ரூட் கழுவிய தண்ணீர் போல ஒரு சின்னப் பை.
இருபது நிமிடம்.
கடைசி நிறுத்தத்தில் பேருந்தைத் திருப்பி
ஒரு காப்பி குடிக்கிற நேரம்.
பையின் மேல் பெயர் இல்லை, எண் மட்டும்.
ஆனாலும் தெரியும் ஹவுக்கே,
உள்ளே இருப்பது நீ.

பதினோரு வருடம் நாம் பேசவில்லை.
அப்பா விட்டுப்போன தோட்டத் துண்டு,
ஒரு மரக்குடில், ஒரு தண்ணீர்க் குழாய்,
என் பாதியில் ஒரு வால்நட் மரம்.
உன் தக்காளிக்கு வெயில் மறைக்கிறதென்று
நான் ஊரில் இல்லாத வாரம் பார்த்து
வெட்டிப் போட்டாய்.

பிறகு ஒரு நாள்
ரயில்நிலைய வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது
முதுகுக்குள் சுள்ளி முறிகிற சத்தம்.
படத்தில் என் எலும்புகள்
அந்துப்பூச்சி குடியிருந்த கம்பளி.
மைலோமா என்றார்கள்.
முதலில் என் குருத்தணுக்களையே எடுத்து
எனக்கே திருப்பித் தந்தார்கள்.
பதினான்கு மாதம் தாங்கியது.

உடன்பிறந்தவர் பொருந்த
நாலில் ஒரு பங்கு வாய்ப்பாம்.
நீ பத்துக்குப் பத்து.
ஒப்புதல் தாள் தபாலில் வந்தது,
கையெழுத்து இருந்தது, வணக்கம் இல்லை.

நூறாம் நாள் பரிசோதனையில்
என் ரத்தத்தில் நான் இல்லை.
ஓ பாசிட்டிவாகப் பிறந்தவள்
ஏ நெகட்டிவாக வீடு திரும்பினேன்.
வீடு முழுக்க நீ குடிவந்தும்
மூலையில் ஒளிந்த பழைய திருடனை நீ பார்க்கவில்லை.
ஜெல் தகட்டில் இன்னும் அந்தக் கோடு,
பென்சிலால் போட்டு அழிக்க மறந்த மாதிரி.
"மிக நல்ல பாதித் தணிவு" என்று எழுதினார் டாக்டர் தோர்மேலன்.
தேறாத பிள்ளையின் அட்டையில்
ஆசிரியை எழுதுகிற வாக்கியம்.

"உங்கள் அண்ணனின் அணுக்கள் தூங்குகின்றன.
புதிதாகக் கொஞ்சம் அனுப்பி எழுப்பலாம்.
கொஞ்சம்தான். கூடிப்போனால்
நோயை விட்டுவிட்டு உங்களைத் தின்ன வருவார்."
சிரித்துவிட்டேன்.
டாக்டர், எனக்கு அவனை ஐம்பத்தேழு வருடமாகத் தெரியும்.

ஐந்து வாரம் ஒன்றுமில்லை.
ஆறாம் வாரம் உள்ளங்கை அரித்தது.
காதோரம் சிவந்தது, கழுத்து, மார்பு.
வாயெல்லாம் புண்,
ரொட்டியின் ஓரம் கண்ணாடிச் சில்லு.
பயந்துபோய்ச் சட்டையை விலக்கிக் காட்டினேன்.
ஒரு சொறியைப் பார்த்து
இவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் கண்டதில்லை.
"விழித்துவிட்டார்" என்றார்,
மெதுவாக, பக்கத்து அறைக்குக் கேட்காதபடி.

என்னை உனக்கு ஆகவில்லை,
அதனால்தான் அதையும் ஆகவில்லை.
உன் வீம்பு மருந்தாகும் என்று
அம்மா இருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.
நாம் ஆடவில்லை, நம் சதை ஆடியது.

செப்டம்பரில் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.
கோடு இல்லை.
முழுத் தணிவு என்றார்.
குணம் என்ற சொல்லை
பள்ளம் தெரிந்த ஓட்டுநர் மாதிரி
ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.
பத்து லட்சத்தில் ஒன்று மிச்சமிருந்தாலும்
காட்டிக்கொடுக்கிற சோதனை அடுத்த மாதம்.

அன்று மாலை உன் எண்ணை அழுத்தினேன்.
பின்னால் கெட்டில் கூவியது, நீ அணைக்கவில்லை.
"அரிக்குதா?"
ராத்திரியில், என்றேன்.
"ம்."
பிறகு வெகுநேரம் கெட்டில் மட்டும்.
"அந்த வால்நட் கட்டை அப்படியே இருக்கு.
எரிக்கல. நல்லாக் காய்ஞ்சிடுச்சு.
வேணும்னா வந்து எடுத்துக்க."

ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது நான்.
தோட்ட மண்ணைத் தொடவும் கூடாது இன்னும்.
சொல்லவில்லை.
சனிக்கிழமை வருகிறேன் என்றேன்,
புறங்கையில் களிம்பைத் தேய்த்துக்கொண்டே.