பதினாறு இருக்கை வான்

தியகமவுக்குப் போகிற வானில் பதினாறு இருக்கை.
சாரதிக்கு ஒன்று, கோச்சுக்கு ஒன்று.
பெடியள் பதினேழு பேர்.
இந்தக் கழித்தல் கணக்கைத்தான்
கடிதத் தலைப்பில் 'அணித் தெரிவு' என்று எழுதுகிறோம்.

பகலில் நான் மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவன்.
பின்னேரம் முற்றவெளியில்
அதே கொப்பியின் பின்பக்கத்தில்
எறி, அடி, பிடி, பிழை.
பந்துகள் பதினொன்று.
தை மாதம் பன்னிரண்டாய் இருந்தவை.
ஒன்று கோட்டை அகழிக்குள் போனதென்று எழுதி
கோச்சிடம் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

வாடை இன்னும் முழுதாய் விடவில்லை.
உயரே போன பந்தைப்
பண்ணைப் பக்கமாய் இழுத்துக்கொண்டு போகிறது.
கீழே நிற்கிறவன் வாயைத் திறந்தபடி
பின்னுக்குப் பின்னுக்குப் போகிறான்.
பின்னுக்கு ஒரு மாடு படுத்திருக்கிறது.
அப்படித்தான் கஜவதனனின் கணுக்கால் போனது.
அவன் பெயரை முதலில் வெட்டினேன்.
வீக்கமே முடிவெடுத்துத் தந்தது, புண்ணியம்.

ஜெனிஸ்ரன், பதினேழு வயது, குருநகர்.
அவன் எறிந்தால் பிடிக்கிறவனின் உள்ளங்கை சிவக்கும்.
எங்கே எறிவான் என்பது அவனுக்கே தெரியாது.
போன கிழமை ஒரு பந்து
மணிக்கூட்டுக் கோபுரத்திடம் நேரம் கேட்கப் போனது.
"இவனை விட்டிட்டுப் போனா எனக்கு நித்திரை வராது."
"கொண்டு போனா?"
"அப்பவும் வராது."
எழுதினேன்.

சாரங்கன், முப்பத்தொன்று, வங்கிக் காசாளர்.
முதல் பேஸில் நின்றால் தூண்.
ஓடச் சொன்னாலும் தூண்.
இடக்கையருக்கான கிளவுஸ் எங்களிடம் ஒன்றே ஒன்று,
அது அவருடையது.
அவரும் றொக்சனும் மாறி மாறிப் போடுகிறார்கள்.
அவரை நிற்பாட்டினால் றொக்சன் வெறுங்கையன்.
ஆகவே அவருக்கு ஓர் இருக்கை, கிளவுசின் பெயரில்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
அவருக்குத் தெரியும்.

பிரணவரூபனின் தாய் போன் எடுத்தா:
"அந்தச் சனி ரியூசன் சோதினை தம்பி."
இரண்டாவது பெயரும் போயிற்று.

மூன்றாவது மதுரகன்.
ஆள் மெலிவு, கதையும் குறைவு.
வளைவுப் பந்துதான் எறிவேன் என்று நிற்பான்.
பந்து வளையாது, யோசிக்கும்.
கிட்ட வந்து கொஞ்சம் தயங்கி
அடிக்கிறவனுக்கு வசதியாய் இறங்கும்.
கொப்பியில்: எறிந்தது பதினெட்டு, வளைந்தது இரண்டு.
"அடுத்த வருசம் பாப்பம்" என்றார் கோச்.
போன வருசம் அப்படிச் சொல்லப்பட்டவன்
இப்ப டோகாவில் கேபிள் இழுக்கிறான்.
பென்சிலால் கோடு போட்டேன்,
அழிக்கலாம் என்கிற மாதிரி.

ஞாயிறு லிஸ்ற் வாசித்தோம்.
ஜெனிஸ்ரன் மட்டும் விசிலடித்தான்,
பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டான்.
மதுரகன் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டான்,
சைக்கிளை எடுத்தான்,
"வாறன் அண்ணை" என்றான்.
போகிறவனும் அப்படித்தானே சொல்வான்.

இரவு பையைக் கவிழ்த்து எண்ணினேன்.
பன்னிரண்டு.
சாப்பிட்டுவிட்டு வந்து திரும்ப எண்ணினேன்.
ஒன்று மட்டும் வேறு நிறம்.
அகழி கண்ட பந்தில்லை, சேறில்லை, பாசியில்லை,
தோலெல்லாம் சுண்ணாம்பு.
சிவப்புத் தையல் ஓரிடத்தில் மட்டும்
இரண்டு விரல் அகலத்துக்கு நைந்து மினுங்கியது.

மாசி தொடக்கத்தில் கொட்டடியில் ஒரு வீடு.
மீற்றர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி
நெஞ்சளவு உயரத்தில்
சோற்றுக் கோப்பை அகலத்துக்கு
மதிற் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.
"இரவிரவா டொக்கு டொக்கெண்டு"
என்று அடுத்த வளவுக்குக் கையைக் காட்டினா வீட்டுக்காரி.
நான் யூனிற்றைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லிஸ்ற் போனில் படமாகிக் கொழும்புக்குப் போய்விட்டது.
கொப்பியில் பதினொன்றை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
இதற்குக் கோச்சின் கையெழுத்து இன்னும் வாங்கவில்லை.
விளக்கை அணைத்த பிறகும்
என் இரண்டு விரல்கள்
நைந்த அந்த இடத்திலேயே இருந்தன.