முதுகெலும்பைத் தொட்டுப் பார்த்தல்

இரவு இரண்டேகாலுக்கு வந்தாள் செவெல்மா.
பழைய ரஷ்ய வேன், நூற்றெழுபது கிலோமீட்டர் கோபி,
வழியெல்லாம் உறைபனி.
நீல பிளாஸ்டிக் வாளியைப் பிடித்தபடி தம்பி லுவ்சான்.
பால் கறக்கும் வாளி.
எவ்வளவு வாந்தி எடுத்தாள் என்று கேட்டேன்.
வாளியின் உள்பக்கம் விரலை வைத்துக் காட்டினான்,
பாலளவு சொல்கிறவன் போல.

உணவுக்குழாயில் புடைத்த நாளங்களுக்கு
நான்கு ரப்பர் வளையம் போட்டேன்.
நான்காவதுக்குப் பிறகு திரையில் சிவப்பு வடிந்து
சுவர் தெரிந்தது, வெளிறிய சுவர்.
செவிலி என்ஹ்சூல் கடிகாரத்தைப் பார்த்தாள்.
யாரும் எதுவும் பேசவில்லை.

எங்கள் பேச்சில் சொந்தபந்தத்தைச் சொல்லும் சொல்லிலேயே
ஈரல் இருக்கிறது.
ரத்த வங்கியில் ஒரே ஒரு பை.
கேட்கும் முன்பே லுவ்சான் கையை நீட்டிவிட்டான்.
சோதித்தோம்.
அக்காவின் கல்லீரலைக் கல்லாக்கிய அதே கிருமி
அவனிடமும்.
உன் ரத்தம் சேரவில்லை என்று மட்டும் சொன்னேன்.
இரண்டாவது பை வேன் ஓட்டுநருடையது.
அவன் பெயரைக்கூட அவர்கள் அதுவரை கேட்டிருக்கவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வகம் எண்களை அனுப்பியது.
பிலிருபின் மூன்று புள்ளி ஒன்று.
கிரியாட்டினின் ஒன்று புள்ளி நான்கு.
ரத்தம் உறைவதற்கு ஏறக்குறைய இருமடங்கு நேரம்.
கைபேசியில் இட்டேன்.
அது மடக்கை எடுத்து, பெருக்கி, கூட்டி
இருபத்தொன்று என்றது.
பத்தொன்பதைத் தாண்டினால்
ஆறு வாரத்துக்குள் நூறு பேரில் இருபது பேராவது.

யார் அந்த நூறு பேர்?
ஏதோ பெரிய நகரங்களில் படுத்திருந்தவர்கள்.
அவர்களுக்கு மூன்றாவது பை இருந்திருக்கும்.

விடிந்ததும் கண் திறந்தாள்.
"கணக்குப் போட்டீர்களாமே, என்ன வந்தது?"
மழுப்பலாம் என்றுதான் நினைத்தேன்.
நாற்பத்துநான்கு வயது, ஐந்நூறு ஆட்டுக்காரி,
மழுப்பவிடாத கண்கள்.
நூற்றுக்கு இருபது என்றேன்.

உதட்டில் காய்ந்த ரத்தம் வெடிக்கச் சிரித்தாள்.
"எனக்கு அது நல்ல வருஷம், டாக்டர்.
அக்டோபரில் ஒவ்வொன்றாக முதுகெலும்பைத் தடவுவேன்.
முள் போலக் குத்தினால்
அது குளிர்காலம் தாண்டாது."

இருமினாள். நான் வாளியைப் பார்த்தேன்.
வெறும் இருமல்.

"குத்துகிறவற்றைத் தனியே பிரித்து
கூடாரத்துக்குள் கட்டுவேன். தவிடு வைப்பேன்.
இல்லாவிட்டால் எதற்குத் தடவுவது?"

பிறகு கேட்டாள்:
"எனக்கு என்ன வைப்பீர்கள்?"

தலைநகருக்குப் போன் போட்டேன்.
ஈரலுக்குள் குழாய் வைத்து அழுத்தம் குறைக்கும் ஒரே அறை
அங்கேதான். மூன்று நாளுக்குள் வைத்தால்தான் பயன்.
பனியில் பாதை மூடியிருந்தது, விமானம் வியாழக்கிழமை.
எதிர்முனை பெயரைக் கேட்கவில்லை,
எண்ணைக் கேட்டது.
இருபத்தொன்று என்றேன்,
சந்தையில் விலை சொல்வதுபோல் உரக்க.
வாழ்நாளில் முதல்முறையாக
எண் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கக்கூடாதா
என்று தோன்றி, உடனே வெட்கப்பட்டேன்.

காத்திருங்கள் என்றார்கள். ஏதோ இசை ஓடியது.

ஜன்னலுக்கு வெளியே லுவ்சான்
கைநிறையப் பனியை அள்ளி
வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.
மாலைக் கறவைக்குத் திரும்பிவிடலாம் என்று
கணக்குப் போடுகிறான் போலும்.
மேல்சட்டை கழன்று கிடந்தது, குனிந்த முதுகு.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை.