சுரைக்கு உப்பு

பண்ருட்டிச் சந்தையில் விதைக்காரர்
யாரோ ஒரு பிள்ளையின் கணக்குத்தாளில் மடித்துத் தந்தார்,
எட்டு விதை.
தாளில் பதினான்கு மதிப்பெண், சிவப்பு மையில்.

தை கடைசி. ஒரு ராத்திரி ஊறப்போட்டு
கூர்முனை கீழே, விரற்கடை ஆழம்.
ஆறாம் நாள் ஐந்து எழுந்தன
விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு.
ஒன்றை வண்டு தின்றது.
ஒன்றை நானே மிதித்தேன், இருட்டில்.

உப்பனாற்றுக்குப் பக்கம் வீடு.
எங்கள் போர்த் தண்ணீரை ஊற்றினால்
மறுநாள் மண் வெள்ளையாய்ப் பூக்கும்,
செடி பூக்காது.
அதனால் ஐஸ் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வருகையில்
உடைந்த பாளத்துண்டுகளைக் கேனில் அள்ளிக்கொள்வேன்.
துறைமுகத்தில் கிளம்பும்போது கல்,
ரயில்வே கேட் தாண்டுகையில் கூழ்,
வாசலில் இறக்கினால் தண்ணீர்.
வஞ்சிரத்துக்குப் போகவேண்டிய குளிர்
சுரைக்குப் போயிற்று.
சூப்பர்வைசர் பாலகுருவுக்கு இது தெரியும்.
முதல் காய் தனக்கு என்று சொல்லிவைத்திருந்தார்.

கொடி மதிலேறி
அஞ்சலாட்சியின் ஆஸ்பெட்டாஸ் கூரைக்குப் போனது.
"ஓட்ட வுழுந்தா நீதான் மாத்தணும்" என்றாள்.
வருஷத்தில் நாங்கள் பேசியது அவ்வளவுதான்.
(அவள் பூனை, என் சைக்கிள் சீட்.
அது வேறு கதை.)

இருபது நாள் ஆண்பூ, ஆண்பூவாகவே.
நுனியைக் கிள்ளினேன், பக்கக்கொடி விட்டது.
பிறகுதான்
பூவுக்கும் காம்புக்கும் நடுவே
ரோமம் படர்ந்த கட்டைவிரல் பிஞ்சோடு
ஒரு பூ.

சுரை ராத்திரியில் மலர்வது.
தெருவிளக்கைச் சுற்றும் அந்துப்பூச்சிகளுக்கு
இந்தப் பக்கம் வர நேரமில்லை.
பத்தே காலுக்கு, சாப்பிடக்கூட இல்லை,
ஏணியில் நின்று
ஆண்பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டுப்
பெண்பூவில் மூன்று முறை தொட்டேன்.
செல்போனைப் பல்லில் கடித்திருந்தேன்.

பாலகுருவுக்குக் கொடுத்தது போக
மூன்று காய் தின்றேன்.
கூட்டு. கூட்டு. பொரியல்.
சுரைக்காய்க்கு உப்பில்லை என்று சொல்ல
வீட்டில் ஆள் கிடையாது.

ஐந்தாவது, அவள் கூரைச் சரிவில் தொங்கியது,
விதைக்கு.
முற்றிக் காயட்டும் என்று சிவப்புத் துணி கட்டினேன்.
அந்தத் துணிக்கு என்ன அர்த்தமென்று
எனக்கு மட்டும் தெரியும்.
பத்தாம் நாள் துணி கூரையில் கிடந்தது.

தகராறுக்குத்தான் கதவைத் திறந்தேன்.
தூக்குவாளியோடு அவளே நிற்கிறாள்.
சுரைக்காய் போட்ட சென்னாக்கூனிக் குழம்பு.
நகத்தால் கீறினாளாம், சுலபமாய் இறங்கியதாம்,
"இத போயி முத்தவுடுவாங்களா?"
சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் போய்
வாயில் வந்தது இதுதான்:
"முனைய நறுக்கிக் கடிச்சுப் பாத்தியா?
கசப்புச் சுரை ஆகாது."
"கசந்தா குடுப்பனா?"

புளி குறைவு, தட்டிப்போட்ட பூண்டு.
கூனியின் உப்பு
சுரையின் நடுச்சதை வரை நடந்திருந்தது.
இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டேன்.
வாளியைக் கழுவிக் கொடுக்கும்போது சொன்னேன்,
அது விதைக்காயென்று.
"அத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன."

நேற்று இன்னொரு பிஞ்சு.
ஏணிக்குக் கீழே நின்று டார்ச் அடித்தாள்,
பூவில் பாதி, என் கண்ணில் பாதி.
நீல வலைநூலை அவளே கட்டினாள்,
காம்பு பருக்க இடம் விட்டு.

என்ன முடிச்சென்று
காலையில் அவிழ்த்துப் பார்த்தேன்.
வரவில்லை.