முதுகளவு

முதலில் விழுந்தவள் உமையாள்,
கொடிக்கம்பத்தடியில், வெள்ளிக்கிழமை விரதத்தோடு.
அடுத்த மணி அடிப்பதற்குள் சொர்ணவல்லி.
அப்புறம் ஏழாம் வகுப்பு இரட்டையர், சேர்ந்தே.
கண்டனூர்ப் பள்ளியில் அந்த வாரம்
பதினோரு பேர் விழுந்தோம்.
நான் ஒன்பதாவது.

கம்பவுண்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து
ரத்தம் பத்தாது என்றார்.
அதை யார் கேட்டது.
மூன்று வருஷமாக ஊருணி தரை காட்டிக் கிடந்தது.
பூட்டிய வீடுகளில் புறாக்கள்தான் குடித்தனம்.
இரண்டு பசு, கன்று போட்ட கையோடு செத்திருந்தன.
எதற்கும் யாரையும் பிடித்துக் கேட்க முடியவில்லை.

திருப்பத்தூரிலிருந்து கார் வைத்துக்
கோடாங்கியைக் கொண்டுவந்தார்கள்.
உடுக்கை அடங்கியதும் அவன் கேட்டது ஒன்றுதான்:
"புள்ளைகளைத் தொட்டது யாரு?"

சிகப்பி தொட்டிருந்தாள்.
எங்கள் எல்லோரையும்,
தோளுக்குத் தோள், கழுத்தைச் சுற்றி, கையைச் சுற்றி,
எண்கள் தேய்ந்துபோன மஞ்சள் டேப்பால்.
புருஷன் மலேயாவில். கடிதம் நின்று ஆறு வருஷம்.
பொட்டை அழிக்காமல் இருக்கிறாளே என்று
ஊருக்கு முன்பே ஒரு குறை.

பெண்கள் போய் அவள் அறையைக் கிளறினார்கள்.
குண்டூசி ஒரு டப்பா.
எங்கள் பாவாடைகளில் வெட்டிய மிச்சத் துண்டுகள்,
முடிச்சு முடிச்சாக.
பாபினில் சுற்றிக்கொண்ட ஒரு நீள முடி.
அப்புறம் அந்த நோட்டு:
எங்கள் பெயர்கள், பெயருக்குக் கீழே எண்கள்,
சில எண்களை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறு எண்கள்.
"பாத்தீகளா, சக்கரம் போட்டு வச்சிருக்கா"
என்றாள் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருத்தி.
தெரிந்தவர்களும் தலையாட்டினார்கள்.
நாங்கள் வளர்ந்திருந்தோம்.
நோட்டில் இருந்தது அவ்வளவுதான்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.
பக்கத்தில் அப்பா நின்றார், இடுப்பில் அதே பெல்ட்.

ஆடி மாசம் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனபோது
முதுகில் வைத்த டேப்பை எடுக்காமல்
சிகப்பி சற்று நேரம் நின்றாள்.
"இது எப்பருந்து?"
நான் காலண்டர் முருகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் வேறொன்றும் கேட்கவில்லை.
பின்கழுத்தை இரண்டு விரல் ஏற்றி வெட்டினாள்.
கூலியில் எட்டணா குறைத்துக்கொண்டாள்.

சொல்லிவிடுவாளோ, யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று
நாலு மாசம் நான் சரியாகத் தூங்கவில்லை.

"ஆமா" என்றேன்.
"கனவுல வந்து முதுகத் தொடுறா."

கருப்பர் கோயில் படியில் சூடம் ஏற்றி
அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்கள்.
கை நடுங்காமல் அணைத்தாள்.
சாமிக்கே கட்டுப் போட்டுவிட்டாள் என்றார்கள்.
அவள் கத்தரியாலேயே அவள் முடியை வெட்டினார்கள்.
தையல் மெஷினைத் தோளில் தூக்கிப்போய்
வறண்ட ஊருணியில் போட்டது அப்பா.
பாரம் தாங்காமல் இரண்டு இடத்தில் இறக்கிவைத்தார்.
அவள் காரைக்குடி ரோட்டில் நடந்தாள்.
யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை மேலும் மூன்று பேர் விழுந்தார்கள்.
அரைப் பரீட்சை முடிந்தபின் ஒருவரும் விழவில்லை.
அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

நோட்டை எரிக்கும்போது காற்றில் என் பக்கம் புரண்டது.
தோள் பதிமூன்று. கை ஏழு.
முதுகுக்கு நேரே எண் இல்லை.
'மூடித் தைக்க' என்று இருந்தது.

எனக்கு இப்போது ஐம்பத்தாறு.
எந்தக் கடைக்குப் போனாலும்
அளவு ரவிக்கையைத்தான் கொடுக்கிறேன்.
டேப் வைக்க யாரையும் விடுவதில்லை.